அச்சு முறிந்த ஊரில் தெருக்கள் எங்கே போகின்றன?

தாம்பரத்திலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் போதும். ஒரு நகரம் எப்படி வளர்கிறது என்பதை டிக்கெட் காசிலேயே பார்த்துவிடலாம்.

பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி வரை வீடுகள் விடாமல் கூடவே ஓடிவரும். மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் மாறி மாறி வரும். செங்கல்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி. ஊரைத் தாண்டியதும் பாலாற்றுப் பாலம். படாளம், கருங்குழி, மதுராந்தகம் என்று போகப் போக வயல், பனை, ஏரிக்கரை. மேல்மருவத்தூரில் செவ்வாடை பக்தர்கள் இறங்கியதும் பெட்டி காலியாகிவிடும். அடுத்த நிறுத்தம் அச்சரப்பாக்கம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 95 கிலோமீட்டர்.

இங்கே வந்து இறங்குகிறவர்களுக்குச் சென்னை வெகு தூரம் என்றுதான் தோன்றும். ஆனால், வரும் வழியில் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். வயல்களுக்கு நடுவே திடீர் திடீரென்று வண்ணக் கொடிகள். மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள். ஒரு தோரண வாயில், அதில் ஏதோ ஒரு ‘நகர்’ பெயர். வீடு ஒன்றுகூட இல்லை. தெரு மட்டும் போட்டாகிவிட்டது.

நகரம் வந்து சேர்வதற்கு முன்பே அதன் தெருக்கள் வந்துவிடுகின்றன. அந்தத் தெருக்கள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகின்றன என்பதுதான், முப்பது வருடம் கழித்து இங்கே வாழப்போகிறவர்களின் அன்றாடத்தைத் தீர்மானிக்கப் போகிறது.

பெயரிலேயே ஒரு சாலை விபத்து

அச்சரப்பாக்கத்தின் பழைய பெயர் அச்சிறுபாக்கம். அச்சு இற்ற, அதாவது அச்சு முறிந்த பாக்கம். திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான், பிள்ளையாரை வணங்காமல் கிளம்பியதால் அவருடைய தேரின் அச்சு இந்த இடத்தில் முறிந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அப்பாவாக இருந்தாலும் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வதற்கு இந்தக் கதைதான் ஆதாரம்.

இன்னொரு கதையும் உண்டு. கங்கைக் கரையிலிருந்து மணல் ஏற்றிவந்த பாண்டிய மன்னனின் வண்டி அச்சும் இங்கேதான் முறிந்ததாம். நின்ற இடத்தில் இறைவன் வெளிப்பட, மன்னன் கோயில் எழுப்ப ஏற்பாடு செய்தான் என்பார்கள். திருஞானசம்பந்தர் பாடிய இந்த ஆட்சீஸ்வரர் கோயிலில் ஒரு வித்தியாசம்: ராஜகோபுர வாசலில் நின்று பார்த்தால் கொடிமரமும் நந்தியும் நேர்க்கோட்டில் இருக்காது, சற்று விலகியிருக்கும்.

இரண்டு கதைக்கும் பொதுவான செய்தி ஒன்றுதான். எவ்வளவு பெரிய தேராக இருந்தாலும், மொத்தப் பாரமும் ஓர் அச்சின் மேல் இருந்தால், அது முறிந்த இடத்தில் எல்லாம் நின்றுவிடும். இன்றைய அச்சரப்பாக்கத்துக்கும் அப்படி ஓர் அச்சு இருக்கிறது. பழைய ஆட்கள் ஜி.எஸ்.டி ரோடு என்கிறார்கள். அரசுக் கணக்கில் முன்பு தேசிய நெடுஞ்சாலை 45. புதிய எண் 32.

கொடி கட்டிய வயல்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சாலையில் ஒரு தனி வகைப் பயணம் நடக்கும். சென்னையிலிருந்து வேன் வரும். உள்ளே ஒரு தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரக் குழந்தைகள். ‘இலவச வாகன வசதி, மதிய உணவு உண்டு’ என்ற விளம்பரத்தைப் பார்த்து மனை வாங்க வருகிறவர்கள். கையில் ஒரு வண்ண நோட்டீஸ். அதில் 23 அடி சாலை, 30 அடி சாலை, பூங்கா, தார் ரோடு என்று எல்லாம் அச்சிட்டிருக்கும். நெடுஞ்சாலையிலிருந்து எத்தனை நிமிடம் என்றும் இருக்கும்.

வந்தவர்கள் விலை கேட்பார்கள். தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்பார்கள். வாஸ்து பார்ப்பார்கள். டி.டி.சி.பி அங்கீகாரம் உண்டா என்று கேட்பார்கள். 2016-க்குப் பிறகு அந்தக் கேள்வி கட்டாயமாகிவிட்டது. அந்த வருடம் செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தமிழகம் முழுக்கப் பத்திரப் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. அடுத்த வருடம் மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் போடப்பட்ட மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கீகாரம் தர வழி பிறந்தது.

பத்திரச் சிக்கல் தீர்ந்தது. தெருச் சிக்கல் அப்படியே இருந்தது. ஏற்கெனவே விற்றுப்போன மனைகளுக்கு நடுவில் இருக்கும் தெருவை யாரால் நகர்த்த முடியும்?

மனை பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ‘இந்தத் தெரு கடைசியில் எங்கே போகிறது?’

போய்ப் பார்த்தால் தெரியும். பல இடங்களில் கடைசித் தெரு ஒரு மதிலில் முட்டி நிற்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் வேறொரு நகர். அங்கேயும் நேர்நேரான தெருக்கள். அதுவும் இதே மதிலில் வந்து முட்டும். இரண்டு நகருக்கும் வாசல் நெடுஞ்சாலைப் பக்கம் மட்டும். உள்ளே இருப்பது ஒழுங்கான சதுரங்கப் பலகை. ஆனால், பக்கத்துப் பலகைக்குப் போக வழி இல்லை.

கோலமும் மரமும்

தெருக்கள் ஒன்றோடொன்று சேர்வதால் என்ன லாபம்? வீட்டில் பிள்ளைகள் இருந்தால், ஒரு தாளில் கோலத்துக்கு வைப்பதுபோல 5 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி வையுங்கள். பக்கத்துப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் கட்டம் கட்டமாக ஒரு குட்டி ஊர் கிடைக்கும். மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குப் போக வேண்டும். பின்னால் திரும்பக் கூடாது. எத்தனை வழி இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பொறுமையாக எண்ணினால் 70 வரும். அத்தனையும் ஒரே தூரம்.

இப்போது அதே தாளில் ஒரு மரம் வரையுங்கள். ஒரு தண்டு, அதிலிருந்து கிளைகள், கிளைகளில் குச்சிகள். ஒரு குச்சியின் நுனியில் இருக்கும் எறும்பு, பக்கத்துக் கிளையின் நுனிக்குப் போக வேண்டும். நுனிகளுக்கு இடையே இடைவெளி ஒரு விரற்கடைதான். ஆனாலும் எறும்பு தண்டு வரை இறங்கி, மறுபடி ஏறித்தான் ஆக வேண்டும். வழி ஒன்றே ஒன்று.

முதல் படம் நாற்சந்திகளால் ஆன ஊர். இரண்டாவது, முட்டுச்சந்துகளால் ஆன ஊர். கோல ஊரில் ஒரு தெருவில் பள்ளம் தோண்டினால் பக்கத்துத் தெரு வழியாகப் போய்விடலாம். மர ஊரில் தண்டை அடைத்தால் மொத்த ஊரும் அடைபட்டது.

அன்றாட வாழ்க்கையில் இதற்கு என்ன பொருள்? இப்படி வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் தெரிகிறது. நேராக நடந்தால் 200 மீட்டர். நடுவில் மதில். சுற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்து போனால் 2 கிலோமீட்டர். நடந்து போயிருக்க வேண்டிய பிள்ளை, அப்பாவின் ஸ்கூட்டரில் போகிறது. அந்த ஸ்கூட்டர் நெடுஞ்சாலையில் ஏறுகிறது. எல்லா நகர்களிலிருந்தும் எல்லா ஸ்கூட்டர்களும் அதே நேரத்தில் ஏறுகின்றன. காய்கறி வாங்கக் கிளம்பிய பாட்டியும், பால் வண்டியும், கேஸ் சிலிண்டர் வண்டியும், ஆம்புலன்ஸும் ஒரே வாயில் நுழைந்து வெளியேற வேண்டும். டவுன் பஸ்ஸுக்கு உள்ளே வந்து வேறு பக்கம் வெளியேற வழி இல்லாததால், அது நெடுஞ்சாலையிலேயே நின்றுவிடும். பஸ் பிடிக்க வேண்டியவர்கள்தான் அதுவரை நடக்க வேண்டும்.

‘நகரம் பெருகிவிட்டது, அதனால் நெரிசல்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆட்கள் பெருகியது பாதிக் காரணம். அவர்கள் எல்லோரையும் ஒரே சாலைக்குத் தள்ளிவிட்ட தெரு அமைப்பு மீதிக் காரணம்.

உலகம் முழுக்க இதே கதை

அச்சரப்பாக்கத்துப் பக்கம் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பேரிங்டன்-லீ, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள், உலகம் முழுவதுமுள்ள தெருக்களை இப்படி அளந்து பார்த்தார்கள். பொதுமக்களே சேர்ந்து உருவாக்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தையும், 1975 முதல் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் தகவல்களையும் பொருத்திப் பார்த்து, எந்தக் காலத்தில் வளர்ந்த பகுதியில் எப்படிப்பட்ட தெருக்கள் இருக்கின்றன என்று கணக்கிட்டார்கள். முட்டுச்சந்து எத்தனை, நாற்சந்தி எத்தனை, சுற்றுவழி எவ்வளவு என்பவைதான் அளவுகோல். 2020-ல் அந்த ஆய்வு வெளிவந்தது.

உலகின் பெரும்பகுதியில், நகரங்கள் வெளியே பரவப் பரவ, புதிய தெருக்கள் முன்பைவிடக் குறைவாகவே ஒன்றோடொன்று இணைகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. ஜப்பானிலும் தென் அமெரிக்காவின் பல நகரங்களிலும் தெருக்கள் நன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. பாங்காக் போன்ற தென்கிழக்காசிய நகரங்களில் தனித்தனியாகத் துண்டுபட்டுக் கிடக்கின்றன. முட்டுச்சந்துப் புறநகர்களுக்குப் பேர்போன அமெரிக்காவில்கூட, 1990-களின் நடுவில் உச்சத்துக்குப் போன இந்தப் பழக்கம் அதன்பிறகு குறையத் தொடங்கியதாக அவர்களுடைய முந்தைய ஆய்வு சொன்னது.

கெட்ட செய்தியும் நல்ல செய்தியும் சேர்ந்தே இருக்கின்றன. தெரு ஒரு முறை போட்டால் மாறாது. ஆனால், புதிதாகப் போடும் தெருவை எப்படிப் போடுவது என்பது நம் கையில் இருக்கிறது.

ஏன் ஒன்றோடொன்று சேர்வதில்லை?

இதில் யாரும் திட்டமிட்டுத் தப்புச் செய்வதில்லை. நிலம் வாங்கப்படுகிற விதமே அப்படி. ஒரு புரமோட்டர் நெடுஞ்சாலை ஓரமாக மூன்று ஏக்கர் வாங்குகிறார். அவருக்குக் கிடைத்தது எந்த சர்வே எண்களோ, அவற்றின் எல்லைதான் அவருடைய ஊரின் எல்லை. அதற்குள் எத்தனை மனை தேற்றலாம் என்று கணக்குப் போட்டு, பொதுச் சாலைக்கு ஒரு வழி காட்டி, ஒப்புதல் வாங்கிவிடுவார். ஐந்து வருடம் கழித்துப் பின்னாலுள்ள வயலை வேறொருவர் வாங்குகிறார். முன்னால் இருப்பவரின் தெரு எங்கே முடிந்ததோ, அங்கிருந்து இவர் தெரு தொடங்க வேண்டும் என்று நினைக்க இவருக்குக் காரணமில்லை. தெருவை நீட்டினால் ஒன்றிரண்டு மனை குறையும். அந்த இழப்பை ஏற்க இருவருக்குமே மனம் வராது.

வாங்குகிறவர்களின் பங்கும் இருக்கிறது. ‘கேட்டட் கம்யூனிட்டி’ என்றால் மதிப்பு அதிகம். ஒரே வாசல், ஒரு வாட்ச்மேன், வெளியாட்கள் வர மாட்டார்கள், பிள்ளைகள் தெருவில் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டலாம். இந்த ஆசையில் தவறொன்றுமில்லை. ஒவ்வொரு குடும்பமாகப் பார்த்தால் நியாயமாகத் தெரிகிற முடிவு, ஐம்பது நகர்கள் வரிசையாக அதையே எடுக்கும்போது எல்லோருக்கும் சுமையாகிவிடுகிறது.

பழைய ஊர்களில் இந்த வேலையை வண்டிப்பாதைகள் செய்தன. கிராம வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தால், ஊரிலிருந்து களத்துமேட்டுக்கும், களத்திலிருந்து ஏரிக்கரைக்கும், ஏரிக்கரை வழியாக அடுத்த ஊருக்கும் போகும் பாதைகள் தெரியும். மாட்டுவண்டி போனது, ஆடு மேய்க்கிறவர்கள் போனார்கள், அடுத்த ஊர்த் திருவிழாவுக்குச் சனங்கள் போனார்கள். வயல்கள் மனைகளாகும்போது, முள் மண்டிக் கிடக்கும் இந்தப் பாதைகள்தான் முதலில் மறக்கப்படுகின்றன. உண்மையில், எதிர்காலக் குறுக்குச் சாலைகளுக்கான இடத்தை நம் முன்னோர் ஏற்கெனவே பிடித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒரே அச்சு தாங்குமா?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஜி.எஸ்.டி ரோட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரம் தாண்டி, பரனூர் சுங்கச்சாவடி தாண்டி, செங்கல்பட்டு தாண்டி நகர்வதற்குள் பாதி இரவு போய்விடும். திரும்பும் நாளில் அதே கதை தலைகீழாக. தெற்கத்திய மாவட்டங்களிலிருந்து வருகிற வாகனங்களுக்கான சாலையில், பக்கத்து நகரில் பால் வாங்கப் போகிறவரும் இருக்கிறார். இரண்டு வேலைக்கும் ஒரே சாலை.

இணைப்பு என்பது சாலைகளோடு முடிந்துவிடுவதில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ம் தேதி திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. எதிரிலேயே, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், ரயில் பாதை போகிறது. ஆனால், முனையம் திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, வேறு வண்டி பிடித்து வர வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற தூரம், காலுக்கு எட்டாத தூரமாக இருந்தது.

அச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் காட்டியது. விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூர் அருகே நெடுஞ்சாலையை வெள்ளம் மறித்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட, ரயில்களும் நின்றன. சென்னையிலிருந்து தெற்கே போகும் முக்கியச் சாலையும் ரயிலும் ஒரே நேரத்தில் அடைபட்டன.

கடற்கரைப் பக்கம் போனால் இதே சிக்கலின் இன்னொரு வடிவம் தெரியும். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இரண்டு சாலைகள்: கடலோரமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை, உள்ளே பழைய மாமல்லபுரம் சாலை. இரண்டும் ஏணியின் இரண்டு கழிகள் மாதிரி இணையாக ஓடுகின்றன. நடுவில் பக்கிங்ஹாம் கால்வாயும் முட்டுக்காடு உப்பங்கழியும். ஏணிக்குப் படிகள் வேண்டுமே! சோழிங்கநல்லூரிலிருந்து அக்கரைக்கு ஒன்று, கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்கு ஒன்று, திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்கு ஒன்று என்று முக்கியமான படிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைசியில் பூஞ்சேரியில்தான் பழைய சாலை மாமல்லபுரத்தைத் தொடுகிறது. நடுவில் வசிப்பவர்களுக்குக் கால்வாயின் அக்கரை கண்ணெதிரே இருக்கும். போவதற்கோ பல கிலோமீட்டர் சுற்று. அங்கே இயற்கை குறுக்கே நிற்கிறது என்றாவது சமாதானம் சொல்லலாம். ஜி.எஸ்.டி ரோட்டு ஓரத்தில் குறுக்கே நிற்பவை நாமே எழுப்பிய மதில்கள்.

முதலில் கோடு போட்ட ஊர்கள்

அச்சரப்பாக்கத்தைத் தாண்டி இதே நெடுஞ்சாலையில் தெற்கே போனால், திண்டிவனத்தில் பிரிந்து புதுச்சேரிக்குப் போகலாம். கட்டம் கட்டமான அதன் தெருக்களை ரசிக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் போட்டது என்றே பலரும் நினைக்கிறோம். அடித்தளம் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693-ல் ஊரைப் பிடித்துச் சில வருடங்கள் வைத்திருந்தபோது அவர்கள் வரைந்த கட்டத் திட்டத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் பின்பற்றினார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து கட்டியபோது, பழைய தெருக்கோடுகள் மேலேயே புது ஊர் எழுந்தது. கட்டடங்கள் போயின, கொடிகள் மாறின, தெருக்கள் மாறவில்லை.

சென்னையிலும் உதாரணங்கள் உண்டு. 1920-களில் நீதிக் கட்சிக் காலத்தில் தியாகராய நகர், பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் திட்டமிடப்பட்டது. 1968 உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தை ஒட்டி, அண்ணா நகரை வீட்டுவசதி வாரியம் அவென்யூக்களும் குறுக்குத் தெருக்களுமாக வளர்த்தது. இன்று அங்கெல்லாம் எவ்வளவு நெரிசல் இருந்தாலும், ஒரு தெரு அடைபட்டால் ஆட்டோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த தெருவில் திருப்புகிறார். அந்தத் தைரியம் நூறு வருடத்துக்கு முன்பு, ஐம்பது வருடத்துக்கு முன்பு போட்ட கோடுகளால் வந்தது.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் 1811-லேயே 12 அவென்யூ, 155 குறுக்குத் தெரு என்று தாளில் கோடு போட்டுவிட்டார்கள். அப்போது அதில் பெரும்பகுதி பண்ணைகளும் பாறைகளும்தான். ஊர் பின்னால் வந்து அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்தது.

‘அடுத்தவர் பட்டா நிலத்தில் அரசு எப்படிக் கோடு போடும்?’ என்று கேட்கலாம். குஜராத்தில் அதற்கு ஒரு வழி உண்டு. 1915-ம் வருட பம்பாய் நகரத் திட்டமிடல் சட்டத்திலிருந்து வரும் பழக்கம் அது. ஒரு பகுதியிலுள்ள எல்லாருடைய நிலத்தையும் தாளில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். சாலைக்கும் பூங்காவுக்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான வடிவத்தில், சாலை முகப்போடு திருப்பித் தருகிறார்கள். நிலத்தின் அளவு குறையும், மதிப்பு கூடும். அகமதாபாத்தைச் சுற்றியுள்ள 76 கிலோமீட்டர் சர்தார் படேல் வட்டச் சாலைக்கு இந்த முறையில்தான் பெரும்பாலான நிலம் கிடைத்தது.

கோலத்தின் நடுவே ஓர் ஏரி

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தியாகராய நகர் எழுந்தது ஓர் ஏரியின் மேல். மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் அந்த அழகான தெருக்கள் வந்தன. செங்கல்பட்டு ஏரிகளால் ஆன மாவட்டம். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமருக்கே கோயில் இருக்கிறது. ‘எல்லாத் தெருவையும் இணைக்கிறோம்’ என்று ஏரிக்குள்ளும் வரத்துக் கால்வாய்க்குள்ளும் சாலை போட்டால், முதல் பெருமழையிலேயே தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வரும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடி வரை தண்ணீர் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

கோலத்துக்கு நடுவே தாமரை போடுவதில்லையா? கோடுகள் தாமரையைச் சுற்றிக்கொண்டு போகும். அதுபோல, தெருக்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டு போகலாம். ஏரிக்கரையே நடைபாதையாகலாம், அது காலங்காலமாக அப்படித்தான் இருந்தது.

மதில் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு நடுவழி உண்டு. காருக்கு வழி விட மனமில்லை என்றால், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமாவது ஓர் ஆறடி வழி விடலாம். தெருவில் வண்டிகள் சீறிப் பாயாது. பிள்ளை மட்டும் பள்ளிக்கு நடந்து போய்விடும்.

இன்னும் நேரம் இருக்கிறது

சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்க 2022-ல் அரசாணை வந்தது. செங்கல்பட்டையும் மாமல்லபுரத்தையும் துணைநகரங்களாக வளர்க்கும் திட்டங்கள் பேசப்படுகின்றன. எல்லைக் கோடு எந்த ஊரோடு நின்றாலும், மனை விற்பவர்களின் கொடிகள் அதற்கு முன்பே அச்சரப்பாக்கத்தைத் தாண்டிவிட்டன.

கூடுவாஞ்சேரிக்குப் பின்தேதி போட்டுத் தெரு அமைக்க முடியாது. அங்கே ஒரு குறுக்குச் சாலை போட வேண்டுமானால் வீடுகளை இடிக்க வேண்டும். அச்சரப்பாக்கம் பக்கம் இடிக்க வேண்டியது ஒரு மதில். சில இடங்களில் அதுவும் இல்லை, இரண்டு எல்லைக் கற்கள்தான். வடக்கே கோடிக்கணக்கில் செலவாகும் வேலை, இங்கே இன்று ஒரு வரைபடத்தில் முடிந்துவிடும்.

அதனால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்க வேனில் ஏறினால், விலை கேட்பதற்கு முன்பு சில வேலைகள் செய்யுங்கள். வாசலிலிருந்து கடைசித் தெரு வரை நடந்து பாருங்கள். அது மதிலில் முடிகிறதா, திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியேற இரண்டாவது வழி உண்டா என்று கேளுங்கள். சர்வே எண்ணுக்குரிய புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் வாங்கி, பக்கத்தில் வண்டிப்பாதையோ கால்வாயோ போகிறதா என்று தேடுங்கள். சாலைகளும் பூங்காவும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டனவா என்று விசாரியுங்கள். எழுதிக் கொடுத்த சாலை எல்லோருக்கும் பொது. பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், ரயில் நிலையம் இவற்றுக்கு நெடுஞ்சாலையைத் தொடாமல் நடந்து போக முடியுமா என்று, முடிந்தால் நடந்தே பாருங்கள். ஏற்கெனவே மனை வாங்கியவர்கள், பக்கத்து நகர்க்காரர்களோடு சேர்ந்து கிராம சபையிலோ பேரூராட்சியிலோ ஒரு மனு கொடுக்கலாம்.

திரும்பும் வழியில் ஆட்சீஸ்வரர் கோயிலுக்கும் போய்விட்டு வாருங்கள். முதலில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிடுங்கள். இந்த ஊரில் அதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதானே! பிறகு ரயில் நிலையத்துக்கு நடந்து வந்து, தாம்பரம் போகும் வண்டிக்குக் காத்திருக்கலாம். வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், இந்த முறை வீடுகளை விட்டுவிட்டு அவற்றுக்கு நடுவிலுள்ள தெருக்களைப் பாருங்கள். எது எங்கே போய் முட்டுகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். செங்கல்பட்டு வருவதற்குள் விரல்கள் போதாமல் போய்விடும்.